தவிட்டில் இருந்தது என்ன?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



"பிள்ளைகளுக்கு விஞ்ஞானத்தில் ஆர்வம் வரும்படி பேசுங்கள். ஆனால் பெற்றோருக்கும் புரிய வேண்டும்" என்று தலைமையாசிரியர் எனக்குப் பணித்தார். இரண்டும் ஒருசேர நடக்கிற காரியமா என்று முதலில் மலைத்தேன். பிறகு சோற்றைப் பற்றிப் பேசிவிடலாம் என்று துணிந்தேன். சோறு புரியாதவர் இந்தக் கொட்டகையில் யாரும் இல்லை அல்லவா?

விஞ்ஞானம் என்றாலே அமெரிக்கா, ஜெர்மனி என்று நம் எண்ணம் கடல் கடந்து போய்விடுகிறது. நான் சொல்லப்போவது நம் கோலாலம்பூரில் நடந்தது. நம் பாட்டன் பாட்டிமார் உண்ட சோறே அதில் சாட்சி சொன்னது. பந்திங்கிலிருந்து இரண்டு மணி நேரத்திற்குள் போய்ச் சேரக்கூடிய ஓர் ஊரில் நூறு ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

பெரிபெரி என்று ஒரு நோய் இருந்தது. சிங்களச் சொல்லிலிருந்து வந்த பெயர் என்பார்கள். முடியவில்லை, முடியவில்லை என்று பொருளாம். பெயர் பொருத்தந்தான். முதலில் கால் மரத்துப்போகும். நடந்தால் கால் தொய்யும். சிலருக்குக் கால் வீங்கும், விரலால் அழுத்தினால் குழி விழும், அந்த வீக்கம் மெல்ல மேலே ஏறும், மூச்சு வாங்கும். நேற்று மண்வெட்டி பிடித்து வேலை செய்த ஆள் இன்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார். அவ்வளவுதான். இதயம் நின்றுவிடும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் இந்த நோய் ஈய லம்பங்களில் உழைத்த சீனர்களை வாரிக்கொண்டு போயிற்று. சிறைச்சாலைகளில் இருந்தது. 1895இல் திறக்கப்பட்ட புடு சிறையில் இருந்தது. ஆனால் ஒரு விந்தை! அதே மலாயாவில், அதே மழையில், அதே கொசுக்கடியில் வாழ்ந்த தமிழர்களுக்கு இந்த நோய் வருவது அபூர்வமாக இருந்தது. நம்மவர்கள் சாகவில்லை என்று சொல்லவில்லை. மலேரியாவுக்கும் வயிற்றுக் கடுப்புக்கும் தோட்டங்களில் கொத்துக் கொத்தாகப் போனார்கள். அந்தக் கணக்கு பெரிது. பெரிபெரி மட்டும் நம்மை அதிகம் அண்டவில்லை. கம்பத்து மலாய்க்காரர்களையும் அவ்வளவாக அண்டவில்லை.

ஏன்? இந்த 'ஏன்' என்பதற்கு விடை காண நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

1900ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நோய்களை ஆராய ஒரு கழகம் நிறுவப்பட்டது. இன்று மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் என்று நாம் அறிவது அதைத்தான். அதன் முதல் இயக்குநர் ஹேமில்டன் ரைட் என்பவர். பெரிபெரி ஒரு கிருமியால் வருகிறது என்பது அவர் முடிவு. அவரைக் குறை சொல்வதற்கில்லை. அந்தக் காலம் அப்படி. காசநோய்க்குக் கிருமி கண்டார்கள், வாந்திபேதிக்குக் கிருமி கண்டார்கள். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று 1897இல் இந்தியாவில் ரொனால்ட் ராஸ் காட்டினார். 1901இல் நம் கிள்ளானில் மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்ட வைத்து மலேரியாவைக் குறைத்தும் காட்டினார். இத்தனை வெற்றி கண்ட பிறகு எந்த நோயைப் பார்த்தாலும் "உள்ளே என்ன புகுந்தது?" என்று கேட்பதுதானே இயல்பு? "உள்ளே என்ன இல்லாமல் போயிற்று?" என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

நெகிரி செம்பிலானில் டாக்டர் பிராடன் என்று ஒருவர் இருந்தார். அவர் நோயாளிகளை இனவாரியாகப் பார்த்தார். சீனர் உண்பது சயாமிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் வரும் வெள்ளை அரிசி, ஆலையில் பளபளவென்று தீட்டியது. மலாய்க்காரர் உண்பது வீட்டில் அவ்வப்போது உரலில் குத்திய அரிசி. தமிழர் உண்பது புழுங்கல் அரிசி. வேற்றுமை இதில்தான் இருக்கிறது என்று அவர் உறுதியாகச் சொன்னார். வெள்ளை அரிசி கிடங்கில் கிடக்கும்போது அதில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்பது அவர் கருத்து. நஞ்சு என்றது தவறு. அரிசி என்றது சரி. 1907இல் இதைப் பெரிய நூலாகவே எழுதினார். பல மருத்துவர்கள் நம்பவில்லை.

நம்பாதவர்களில் ஒருவராக இருந்து சோதித்துப் பார்த்தவர் வில்லியம் பிளெட்சர். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனை அவர் பொறுப்பில் இருந்தது. 1905இல் அங்கே பெரிபெரி மிகுந்து பலர் இறந்தனர். அவர் செய்த காரியத்தை மாணவர்கள் கூர்ந்து கேட்க வேண்டும், ஏனென்றால் ஒரு சோதனையை எப்படி அமைப்பது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

1905 டிசம்பர் 5ஆம் நாள், நோயாளிகள் எல்லாரையும் உணவுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தினார். நம் பள்ளியில் காலையில் சபை கூடும்போது எண் சொல்வோமே, அதுபோல ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண்கள் முற்றத்தின் கிழக்கே ஒரு கட்டடத்துக்கு, இரட்டைப்படை எண்கள் மேற்கே ஒரு கட்டடத்துக்கு. இரண்டு கட்டடமும் ஒன்றுபோலவே இருக்கும். காய், மீன், உப்பு எல்லாம் ஒன்றே. ஒரு பக்கத்துக்குச் சயாம் வெள்ளை அரிசி, மறு பக்கத்துக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. அது ஒன்றுதான் வேற்றுமை.

ஓராண்டு கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். வெள்ளை அரிசி உண்ட சுமார் 120 பேரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குப் பெரிபெரி. அவர்களில் 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசிப் பக்கத்திலும் ஏறத்தாழ அதே தொகையினர். அங்கே இருவருக்கு மட்டுமே நோய், அந்த இருவரும் வரும்போதே நோயோடு வந்தவர்கள். சாவு ஒன்றுமில்லை.

"கட்டடத்தில் ஏதாவது கோளாறு இருக்குமோ?" என்று நீங்கள் கேட்கலாம். பிளெட்சரும் அதைக் கேட்டார். நடுவில், 1906 ஜூன் மாதம், கிழக்கில் இருந்தவர்களை மேற்கேயும் மேற்கில் இருந்தவர்களைக் கிழக்கேயும் மாற்றினார். அரிசியை மாற்றவில்லை. நோய் கட்டடத்தோடு தங்கவில்லை. அரிசி போன பக்கமே போயிற்று.

இந்த இடத்தில் ஒன்று சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. இறந்த அந்த 18 பேரையும் "உங்களுக்குச் சம்மதமா?" என்று எவரும் கேட்கவில்லை. சித்தம் கலங்கியவர்கள், உறவு அற்றவர்கள், தங்களுக்கு நடப்பது இன்னதென்று அறியாதவர்கள். அன்று அது வழக்கமாக இருந்தது. இன்று எந்த நாட்டிலும் இதற்கு அனுமதி இல்லை, இருக்கவும் கூடாது. நாம் இன்று பயன் பெறுகிற அறிவில் அவர்கள் உயிரும் சேர்ந்திருக்கிறது. பெயர் தெரியாவிட்டாலும் அவர்களை ஒரு கணம் நினைப்பது நம் கடமை.

பிளெட்சருக்கும் முழு விடை கிடைக்கவில்லை. வெள்ளை அரிசியில் நஞ்சு இருக்கிறதா, அல்லது அதில் ஏதோ குறைகிறதா என்று அவரால் அறுதியிட்டுச் சொல்ல இயலவில்லை. அதைத் தொடர்ந்தவர்கள் நம் கழகத்தின் இயக்குநராக இருந்த ஹென்றி பிரேசரும் அவருடைய துணைவர் ஸ்டான்டனும். 1907இல் நெகிரி செம்பிலான் காட்டில், டூரியான் திப்புஸ் என்னுமிடத்தில் ரோடு போட்டுக்கொண்டிருந்த சுமார் 300 ஜாவாக்காரத் தொழிலாளர்களை இரண்டு பிரிவாக்கி அதே சோதனையைச் செய்தார்கள். புதிய இடம், புதிய ஆட்கள், பழைய கிடங்கோ பழைய கட்டிலோ கிடையாது. மூன்று மாதத்தில் வெள்ளை அரிசிப் பிரிவில் பெரிபெரி தோன்றிற்று. அரிசியை மாற்றிக் கொடுத்ததும் நோயும் பக்கம் மாறிற்று. 1909இல் முடிவை வெளியிட்டனர்.

பிறகு ஆய்வுக்கூடத்தில் கோழிகளை வைத்துச் சோதித்தார்கள். வெள்ளை அரிசி மட்டும் தின்ற கோழிக்குக் கால் இழுத்துக்கொள்ளும். ஆலையில் தீட்டும்போது உதிர்கிற தவிட்டைச் சேர்த்துக் கொடுத்தால் வராது. ஆக, நஞ்சு என்று ஒன்றில்லை. தவிட்டில் ஏதோ இருக்கிறது, அதை நாம் கழற்றி மாட்டுக்கும் கோழிக்கும் போட்டுவிட்டு, மிச்சத்தை மனிதனுக்குப் பரிமாறுகிறோம். இதுதான் அவர்கள் கண்டது.

சரி, புழுங்கல் அரிசியையும் ஆலையில் தீட்டத்தானே செய்கிறார்கள், அதிலும் தவிடு போய்விடுகிறதே என்று பின்வரிசையில் ஒரு தம்பி முகத்தில் கேள்வி தெரிகிறது. நல்ல கேள்வி. நெல்லை உமியோடு ஊறவைத்து, அவித்து, உலர்த்தி, அதன் பிறகே குத்துகிறோம். அந்தச் சத்து நீரில் கரையும் இயல்புடையது. ஊறும்போதும் அவியும்போதும் அது தவிட்டிலிருந்தும் முளையிலிருந்தும் அரிசியின் உட்பகுதிக்கு இறங்கிவிடுகிறது. சூட்டில் மாவுப்பொருள் கூழாகி இறுகி அதை உள்ளேயே பூட்டிவிடுகிறது. பிறகு தவிட்டைத் தீட்டி எடுத்தாலும் பெரும்பகுதி சத்து அரிசிக்குள் தங்கிவிடும்.

இதைக் கேட்டவுடன், "பார்த்தீங்களா டீச்சர், நம்ம முன்னோருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு!" என்று சொல்லத் தோன்றும். எனக்கும் பெருமைதான். ஆனால் உண்மையையும் சொல்ல வேண்டும். அவித்த நெல்லை உலக்கையால் குத்துவது எளிது, அரிசி நொறுங்காது, பூச்சி அதிகம் பிடிக்காது. இந்த வசதிகளுக்காக நம்மவர்கள் நெல்லை அவித்தார்கள். கூலி வேலைக்குக் கப்பலேறி வந்த இடத்திலும் அந்த அரிசியே வேண்டும் என்று கேட்டுச் சாப்பிட்டார்கள். அது உயிரைக் காக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பக்கத்து லம்பத்துச் சீனரிடம் சொல்லியிருக்க மாட்டார்களா?

கடல் கடந்த கதையையும் கொஞ்சம் பார்ப்போம். நமக்குத் தெற்கே பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் 1890களிலேயே கோழிகளிடம் இந்த நோயைக் கண்டிருந்தார். இராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகள் நொண்டின. புதிதாக வந்த சமையற்காரர், "பட்டாளத்துச் சோறு இந்தக் கோழிகளுக்கு எதற்கு?" என்று மறுத்துவிட்டார். வேறு அரிசி போட்டார்கள், கோழிகள் எழுந்து நடந்தன! ஒரு சமையற்காரரின் சிக்கனம் விஞ்ஞானத்துக்கு வழி காட்டிற்று. எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. சமையற்காரர் பெயர் எனக்குத் தெரிந்த நூல்களில் இல்லை.

1912இல் காசிமிர் பங்க் என்பவர் இத்தகைய பொருள்களுக்கு வைட்டமின் என்ற பெயரை வழங்கினார். 1926இல் பத்தாவியாவிலேயே ஜான்சன், டோனாத் என்ற இருவர் நூற்றுக்கணக்கான கிலோ தவிட்டைக் காய்ச்சி வடித்துச் சிட்டிகையளவு படிகத்தை எடுத்தார்கள். 1936இல் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர் அதன் மூலக்கூறு அமைப்பைக் கண்டு, ஆய்வுக்கூடத்திலேயே செய்தும் காட்டினார். இந்த அமெரிக்கர் பிறந்த ஊர் எது தெரியுமா? அரிசிக்குப் பேர்போன நெல்லூர்! அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. பாதிரியார் குடும்பத்தில் பிறந்தவர். அந்தப் பொருள்தான் தயமின், மருந்துக்கடையில் பி1 என்று சொல்கிறார்களே, அதுவே.

தமிழ்நாட்டிலும் இந்த வேலை நடந்தது. நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், 1918இல், ஒரே ஓர் அறையில் பெரிபெரி ஆராய்ச்சி தொடங்கினார் மெக்கரிசன் என்ற மருத்துவர். அந்த ஓர் அறைதான் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இந்தியாவின் தேசிய உணவூட்டக் கழகமாக நிற்கிறது. ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்டவர்களிடையே பெரிபெரி இருந்தது. அதற்குத் தெற்கே புழுங்கல் அரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிது. மலாயாவில் மூன்று இனங்களிடையே கண்டதை அங்கே இரண்டு அண்டை நிலங்களிடையே கண்டார்கள்.

இனித்தான் முக்கியமான இடம். தயமின் இல்லாவிட்டால் ஏன் இதயம் நிற்க வேண்டும்? ஏன் கால் மரக்க வேண்டும்? இதற்கு விடை உடம்பின் வெளியே இல்லை, உயிரணுவுக்குள் இருக்கிறது.

நம் தோட்டத்து ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள். செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு லோரிகள் வருகின்றன. உள்ளே போய் அவித்தால்தான் எண்ணெய். வாசல் கேட் திறக்கவில்லை என்றால் என்ன ஆகும்? லோரி வரிசை நீளும். குலை வெயிலில் காத்துக் கிடந்தால் அமிலம் ஏறும், எண்ணெய் கெடும். இது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

நம் உடம்பிலும் அப்படியே. நாம் உண்ட சோறு சர்க்கரையாகி உயிரணுவுக்குள் போகிறது. அங்கே அது உடைந்து பைருவேட் என்ற சிறு பொருளாகிறது. அதுவே நமது குலை லோரி. ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் இழைமணிகள் என்ற நுண்ணிய ஆலைகள் உண்டு. பைருவேட் அந்த ஆலைக்குள் நுழைந்தால்தான் உடம்புக்கு வேண்டிய சக்தி பெருமளவில் கிடைக்கும். நுழைவாயிலில் ஒரு நொதி காவல் இருக்கிறது. அந்த நொதியின் கையில் இருக்க வேண்டிய சாவிதான் தயமின். சாவி இல்லையேல் கேட் திறவாது. பைருவேட் வெளியே தேங்கும், புளித்துப்போய் லாக்டிக் அமிலமாகும். ஆலைக்குள் சக்தி இல்லை, ஆலைக்கு வெளியே அமிலம். உடம்பில் ஓய்வே இல்லாமல் சக்தி கேட்பவை எவை? இதயமும் மூளையும் நரம்பும். ஆகவே அவைதான் முதலில் துவள்கின்றன.

இதை 1930களில் ஆக்ஸ்போர்டில் ரூடால்ப் பீட்டர்ஸ் என்பவர் புறாக்களின் மூளையில் கண்டார். நோயுற்ற புறாவின் மூளைத் துணுக்கைக் கண்ணாடிக் கலத்தில் வைத்துப் பார்த்தபோது அது சரிவரச் சுவாசிக்கவில்லை, அமிலம் தேங்கியிருந்தது. ஒரு துளி தயமின் இட்டார், மீண்டும் சுவாசிக்கத் தொடங்கிற்று. உருப்பெருக்காடியில் பார்த்தால் அந்த மூளையில் காயம் எதுவும் தெரியாது. ஆனால் வேலை நின்றுபோயிருக்கும். கண்ணுக்குத் தெரிகிற புண் எதுவும் இல்லாமலே, ஒரு மூலக்கூறு குறைந்ததால் ஒரு நோய் என்று இவ்வளவு தெளிவாகக் காட்டியது இந்தச் சோதனை. என் எண்ணத்தில் வைட்டமினைக் கண்டதைவிடப் பெரிய காரியம் இதுதான்.

உடம்பில் தயமின் இருப்பு மொத்தமே 30 மில்லிகிராம் அளவு. நாளுக்கு ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல் வேண்டும். வரவு நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் கையிருப்பு கரைந்துவிடும்.

அப்படிக் கரைந்த காலம் ஒன்று நமக்கும் வந்தது. ஜப்பானியர் காலத்தில் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். இந்த வட்டாரத்திலும் அந்தக் கதை தெரிந்த குடும்பங்கள் உண்டு. அங்கே கிடைத்தது வெள்ளை அரிசிக் கஞ்சி, அதுவும் அரை வயிற்றுக்கு. வாந்திபேதி, மலேரியா, ஆறாத புண் ஆகியவற்றோடு பெரிபெரியும் சேர்ந்துகொண்டது. வெள்ளைக்காரப் போர்க்கைதிகளையும் பிடித்தது, நம்மவர்களையும் பிடித்தது. பெரிபெரி அண்டாத இனம் என்று அதுவரை பெயர் வாங்கிய நம்மைக் காத்தது இரத்தமன்று, சோறுதான் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அதே போரில் சிங்கப்பூர் சாங்கி முகாமில் கைதியாக இருந்த டி வார்டனர் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். பட்டினியில் கிடந்த சிப்பாய்கள் சிலருக்குக் கண்விழி ஒரு நிலையில் நில்லாமல் ஆடிற்று, நினைவு தடுமாறிற்று. இது மதுவில் மூழ்கிய குடிகாரர்களுக்கு வருகிற மூளைநோய் என்று ஐரோப்பாவில் படித்தவர் அவர். இவர்களோ மாதக்கணக்கில் ஒரு சொட்டு மது காணாதவர்கள்! ஆகவே அந்த நோயை உண்டாக்குவது தயமின் குறைவு என்பது அவருக்கு விளங்கிற்று. குறிப்புகளைத் தகரத்தில் அடைத்து மண்ணில் புதைத்துக் காப்பாற்றி, போர் முடிந்தபின் 1947இல் லெனாக்ஸ் என்ற மருத்துவரோடு சேர்ந்து 52 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்.

இதை நான் ஏன் இழுத்துச் சொல்கிறேன் என்று பெரியவர்கள் சிலருக்குப் புரிந்திருக்கும். சம்சு என்ற பேச்சை விழா மேடையில் எடுக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எடுக்கத்தான் வேண்டும்.

சம்சு குடிப்பவருக்குப் பசி எடுப்பதில்லை. சாப்பிட்டாலும் குடல் தயமினை உறிஞ்ச விடாமல் மது தடுக்கிறது. ஈரல் அதைச் சேமித்து வைக்கவும் முடிவதில்லை. மூன்று பக்கமும் அடைப்பு. எனக்குத் தெரிந்த ஒரு மாணவனின் தந்தை, பெயரும் ஊரும் வேண்டாம், ஒரு வாரமாகத் தள்ளாடினார். "ஒன்னு ரெண்டா தெரியுது" என்றார். குடிக்காத நாளிலும் தள்ளாடினார். அக்கம்பக்கத்தில், "சம்சு தலைக்கேறிப்போச்சு" என்றார்கள். மாமியார், "யாரோ வச்சிட்டாங்க" என்று பூசாரியிடம் கூட்டிப் போனார். மருத்துவமனைக்குப் போனபோது குடிப்பழக்கத்தைச் சொல்ல வீட்டாருக்கு வெட்கம். மறைத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் காலையில் பசியாறியது மத்தியானம் நினைவில்லை. மகன் எந்த வகுப்பு என்று கேட்டால் ஏதோ ஒன்றைச் சொல்வார். பொய் சொல்வதாக அவருக்கே தெரியாது. மூளை இடைவெளியைத் தானாகவே நிரப்பிக்கொள்கிறது.

தள்ளாட்டம், கண் இரண்டாகத் தெரிதல், குழப்பம் இவை தோன்றிய உடனே தயமின் ஊசி போட்டால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். விலை உயர்ந்த மருந்தும் அன்று. காலம் தாழ்ந்தால் போன நினைவு முழுதாகத் திரும்புவது கடினம். இன்னொன்று. அத்தகையவருக்கு முதலில் தயமின் கொடாமல் வெறும் குளுக்கோஸ் நீரை ஏற்றினால் நோய் முற்றிவிடலாம். ஏன்? கேட் பூட்டியிருக்கிறது, இன்னும் பத்து லோரியை அனுப்பினால் நெரிசல் தானே மிகும்? மருத்துவர்களுக்கு இது தெரியும். ஆனால் ஆள் குடிக்கிறவர் என்பது நாம் சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும்? அக்கா, அண்ணி, அம்மா எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன். வெளியே யாரிடமும் சொல்ல வேண்டாம், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

தாய்மாருக்கு ஒரு செய்தி. தாயின் உடம்பில் தயமின் குறைந்தால் பாலிலும் குறையும். பால் குடிக்கும் குழந்தைக்கு இரண்டு மூன்று மாதத்தில் குரல் கம்மும், மூச்சுத் திணறும், இதயம் தளரும். லாவோஸ், கம்போடியா நாடுகளில், பிள்ளைப்பேற்றுக்குப் பின் வெள்ளைச் சோறும் உப்பும் மட்டும் என்று கடும் பத்தியம் காக்கும் குடும்பங்களில் இதைக் கண்டிருக்கிறார்கள். 2003இல் இஸ்ரேல் நாட்டில் ஒரு சோயாப் பால்மாவில் தயமின் இல்லாமல் போனதால் குழந்தைகள் இறந்தன. ஆலை வைத்து நடத்தும் முன்னேறிய நாட்டில், நம் காலத்தில் நடந்தது இது! நம் பத்தியத்தில் பூண்டும் மீனும் பருப்பும் உண்டு, பயப்பட வேண்டாம். ஆனால் "அது ஆகாது, இது ஆகாது" என்று பெற்றவளை வெறுஞ்சோற்றில் நிறுத்திவிடாதீர்கள்.

இன்று நம் வீடுகள் பலவற்றில் புழுங்கல் அரிசி போய் வெள்ளை அரிசி வந்துவிட்டது. "புழுங்கல் வாடை அடிக்குது டீச்சர்" என்று பிள்ளைகளே முகம் சுளிக்கிறார்கள். ஆனாலும் பெரிபெரி வரவில்லை. காரணம், பருப்பு, பயறு, கச்சான், முட்டை, இறைச்சி என்று பலதும் உண்கிறோம். வெள்ளை அரிசியும் வெறும் கருவாட்டுக் குழம்புமாக நாள் கடத்துபவர், அரிசியை ஐந்தாறு தண்ணீரில் வெளுக்க வெளுக்கக் கழுவுபவர், சோறு குறைவாகவும் வெற்றிலை பாக்கு நிறையவும் மெல்லும் பாட்டிமார் கொஞ்சம் யோசிக்கலாம். பாக்கு தயமினைச் செயலற்றதாக்கும். முன்வரிசைப் பாட்டிகள் என்மேல் கோபப்பட வேண்டாம்.

புழுங்கல் அரிசி சர்வரோக நிவாரணி என்றும் நான் சொல்லவில்லை. நம் சமூகத்தை இன்று அரிப்பது சர்க்கரை நோய். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. இந்தியரிடையே 31.4 விழுக்காடு. மூவரில் ஒருவர் என்றே சொல்லலாம். அதிலும் சிக்கல் உயிரணுவின் வாசலில்தான். சர்க்கரை உள்ளே போகக் கதவைத் தட்டும் இன்சுலினுக்கு உயிரணு சரியாகச் செவிசாய்ப்பதில்லை. நம்மவர்க்கு ஏன் இவ்வளவு? உணவா, உழைப்புக் குறைந்ததா, பரம்பரையா, மூன்றுமா? அன்று பிராடன் இனவாரியாக நின்று கேட்ட கேள்வியை ஒத்ததே இதுவும். இம்முறை நாம் கணக்கின் தவறான பக்கத்தில் நிற்கிறோம்.

கேள்விக்கு வேலை செய்யும் இடமும் தூரத்தில் இல்லை. ஜாலான் பகாங்கில் பன்னெடுங்காலம் இருந்த அந்த மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இன்று செத்தியா ஆலாமிலும் இயங்குகிறது. கிள்ளானுக்குப் பக்கம். அங்கே வேலை செய்பவர்கள் வேற்றுக்கிரகத்தார் அல்லர். இடைநிலைப் பள்ளியில் அறிவியல் பிரிவை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள். "சயன்ஸ் கஷ்டம், டீச்சர், வேற ஏதாச்சும் எடுக்கட்டும்" என்று ஒவ்வோர் ஆண்டும் சில பெற்றோர் என்னிடம் சொல்கிறார்கள். கஷ்டந்தான். அடுத்த ஆண்டு அப்படிச் சொல்வதற்கு முன் ஒருமுறை பிள்ளையை என்னிடம் அனுப்புங்கள், நான் பேசிப் பார்க்கிறேன்.

தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பரிசுகளும் மேசையில் காத்திருக்கின்றன. இடைவேளையில் ஐந்தாம் ஆண்டு அறையில் நான்கு தட்டுகள் வைத்திருக்கிறோம்: நெல், அவித்த நெல், புழுங்கல் அரிசி, வெள்ளை அரிசி. பக்கத்தில் ஒரு டின்னில் தவிடு. எதில் எது போயிற்று, எது தங்கிற்று என்று மாணவர்கள் விளக்குவார்கள். கேள்வி கேளுங்கள், விடை தெரியாவிட்டால் அவர்கள் என்னைக் கூப்பிடுவார்கள். தவிடு கையில் ஒட்டும், துடைத்துக்கொள்ளத் துணியும் வைத்திருக்கிறோம்.